‘இன்றே கடைசி’ எத்தனை நாளைக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்க நெருங்க வாட்ஸ்அப்பில் வந்து குவியும் கடை விளம்பரங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. ‘இன்றே கடைசி’ என்று திங்கட்கிழமை வந்த அதே சேலைப் படம் வியாழக்கிழமையும் ‘இன்றே கடைசி’ என்று வருகிறது, அப்புறம் யார் நம்புவார்கள்? ஆளை இழுக்கும் பேச்சு வியாபாரத்துக்கு வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நான் போகும் மசாலாக் கடையின் கரும்பலகையில் ‘காலையில் அரைத்தது, காரம் அதிகம், பிள்ளைகளுக்கு ஆகாது’ என்று எழுதியிருக்கிறார்கள். என்னை வாங்க வைத்ததே அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான். குறையைச் சொல்கிறவர் மற்றதையும் ஒழுங்காகச் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை.

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. மலிவு விலை போட்டு வரவழைத்துவிட்டுக் கையை விரிக்கக் கூடாது; ‘20 மட்டும்’ என்றால் அந்த 20ஐயாவது அதே விலைக்குக் கொடுக்க வேண்டும். கதவைத் தட்டியோ போனில் கூப்பிட்டோ நம் தலையில் கட்டியதை 5 வேலை நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்து ரத்து செய்யலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். இது நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது.

உங்கள் பத்திரிகைக்கு வரும் விளம்பரங்களிலும் சலுகை முடியும் தேதியைப் போடச் சொல்லிக் கேளுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, டர்பன்