சக்கரத்துக்குக் கல் வைத்தாயா

ஒடுகத்தூர்,
புரட்டாசி முதல் சனிக்கிழமை.

அன்புள்ள பெரியவனுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே எல்லாரும் சுகம். நீ, மருமகள், பாப்பா மூணு பேரும் சுகமாக இருக்கணும். அம்மா காலையிலேயே தளிகை போட்டு முடித்து இப்பத்தான் படுத்தாள். ஆவணியில் மலையில் நல்ல மழை. உத்திரகாவேரியில் முழங்கால் அளவு தண்ணி போகுது. மற்ற சேதியெல்லாம் தங்கச்சி போனில் சொல்லியிருப்பாள்.

நானும் போனில் பேசியிருப்பேன். போனில் நான் ஆரம்பித்தாலே நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய். அப்புறம் மருமகள் வாங்கி, "மாமா, சாப்பிட்டீங்களா" என்கிறாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்லலை. அதோடு பேச்சு முடிந்துபோகுது. எழுதினால் முழுசாகப் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ ஸ்டேட்டஸில் வைத்த படத்தைத் தங்கச்சி காட்டினாள். நம்ம ஜீப் வண்டி முன்பக்கம் தூக்கி நிற்குது. இடது முன் சக்கரம் இல்லை. உன் கால் ரெண்டும் மட்டும் வெளியே தெரியுது, ரப்பர் செருப்போடு. அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரலை. போனை வாங்கி, விரலால் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பாட்டில் ஜாக்கி ஒண்ணு. பக்கத்தில் ஹாலோ பிளாக் ரெண்டு அடுக்கி, மேலே ஒரு பலகைத் துண்டு. வண்டியைத் தாங்குகிற இரும்பு ஸ்டாண்டு இல்லை. பின் சக்கரத்துக்குக் கல்லும் இல்லை. ஒருவேளை அந்தப் பக்கம் வைத்திருப்பாயோ என்று மூணு தடவை பார்த்தேன். இல்லை.

ஹாலோ பிளாக்கை வண்டிக்கு அடியில் வைக்காதே. அது சுவருக்குச் செய்தது. சுவரில் பாரம் பரவலாக இறங்கும். சக்கரம் மாட்டுகிற ஆக்ஸில் ஒரே இடத்தில் அழுத்தினால், விரிசல்கூடக் காட்டாமல் திடீரென்று பொடிந்துபோகும். ஜாக்கியையும் நம்பாதே. ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்லை. உள்ளே இருக்கிற சீல் தேய்ந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகவும் இறங்கும், ஒரேயடியாகவும் இறங்கும். வண்டி ஒரு டன்னுக்கு மேல் எடை என்று உனக்குத் தெரியும். நீ படித்தவன்.

இன்னொண்ணும் பார்த்தேன். வண்டியின் நிழல் வண்டிக்கு அடியிலேயே விழுந்திருந்தது. உச்சி வெயில். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்காமல் வேலை பார்த்தாய் போல. தூக்கக் கலக்கத்தில் வண்டிக்கு அடியில் போகக்கூடாது. வியாழக்கிழமை வைத்த படமும் பகல்தான்.

நீ செய்கிற வேலை சரியான வேலை. அதில் எனக்குப் பெருமைதான். பொங்கலுக்கு வண்டியை எடுத்துக்கிட்டு ஓசூர் போகும்போது, ஆம்பூர் தாண்டினதும் ஸ்டியரிங் தலையை ஆட்டுச்சு, அம்பது கிலோமீட்டருக்கு மேல் போக முடியலை என்று சொன்னாய். எல்லாரும் அலைன்மென்ட் என்பார்கள், டயரை மாற்றச் சொல்வார்கள். நீ நேராக, முன் சக்கரம் திரும்புகிற முளையான கிங்பின்னுக்குப் போயிருக்கிறாய். பத்து வயசில் டார்ச் பிடித்துக்கிட்டு நின்ற பையன் இல்லையா நீ. டயரை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டிப் பார்த்திருப்பாய். மருமகளைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி இன்னொரு தடவை ஆட்டிப் பார். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின். ஷிம் தகடு எடுக்கும்போது மேலே எத்தனை எடுக்கிறாயோ கீழேயும் அத்தனை எடு, இல்லையென்றால் உள்ளே ஆக்ஸில் நடுவில் நிற்காது. இறுக்கம் சரியா என்று பார்க்க, சீல் வளையத்தையும், ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடையும் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் திருப்புகிற நக்கிள் ஆர்மில் கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பார். ரெண்டு பக்கமும் ஒரே அளவு காட்டணும். புளி மூட்டை நிறுக்கிற நம்ம தராசுதான். அது இங்கே ஆணியில் தொங்குது. கேட்டிருந்தால் கொடுத்தனுப்பியிருப்பேன். நீ எதுவும் கேட்கிறதில்லை.

ஓசூரில் விடியற்காலை குளிர். பியூஜோ என்ஜினுக்கு ஹீட்டர் நல்லா ஏறணும். சாவியைத் திருப்பினதும் செல்ஃப் அடிக்காதே, கொஞ்சம் பொறு. டீசல் ஃபில்டர் மாற்றினால் ஏர் எடுக்க மறக்காதே. பிரேக் ஆயில் தண்ணியை இழுக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாக மாற்று. ரிஜிஸ்ட்ரேஷன் 2022ல் புதுப்பித்தது, 2027 வரைக்கும் இருக்குது. ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரமாக வை. 1992ல் வாங்கும்போது நம்ம மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் என்று பெயர். அதுக்கப்புறம் வேலூர் ஆகி, 2019ல் அதையும் மூணாகப் பிரித்தார்கள். வண்டி மட்டும் அதே டி.என். 23தான்.

விற்கிறதுக்காகத்தான் தயார் பண்ணுகிறாய் என்றால் அதையும் சொல். நான் கோபிக்க மாட்டேன். அந்த வண்டி பீஞ்சமந்தைக்கும் ஜார்தான்கொல்லைக்கும் ஏறி இறங்கித்தான் உன்னையும் தங்கச்சியையும் படிக்க வைத்தது. செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. ஆனால் ஏன் என்று சொல். இந்த மாசம் அஞ்சாயிரம் அனுப்ப வேண்டாம். புளி விற்ற பணம் மீதி இருக்குது. தீபாவளி வரைக்கும் எங்களுக்குப் போதும். நீ ஒரு மாசம்கூடத் தவறாமல் அனுப்புகிறாய், அதைப் பற்றி நான் ஒண்ணும் சொல்லலை.

ஸ்டாண்டு வை. ஸ்பிரிங் பட்டை உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், ஆக்ஸில் ஹௌசிங்குக்கு அடியில் வை. கழற்றின சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போடு. எது தவறினாலும் அது தாங்கும். உள்ளே போகும் முன்னால் வண்டியைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்.

முன்பக்கம் முடிந்ததும் பின்பக்கம் போவாய். பட்டைக்குப் புஷ் மாற்றணும், அது எனக்கே தெரியும். அதை நினைத்துத்தான் நாலு நாளாகத் தூக்கம் இல்லை. நம்ம வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கிறதில்லை. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்து அனுப்புகிற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ட்ரம்மில் பிடிக்குது, அதாவது பின் சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டைப் பிடிக்குது. பின் சக்கரம் ரெண்டும் தரையில் இருக்கிற வரைக்கும் வண்டி நிற்கும். அதுவும் அங்கே இருக்கிற ஆயில் சீல் கசியாமல் இருந்தால். நம்மது எப்பவும் கசியும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாய் என்றால் எல்லாம் போச்சு. தரையில் இருக்கிற சக்கரம் ஒரு பக்கம் உருளும், தூக்கின சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தும், டிஃபரன்ஷியல் ரெண்டுக்கும் வழி விட்டுவிடும். ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். ஹேண்ட் பிரேக் முழுசாகப் பிடித்திருக்கும், வண்டி உருளும். கியரில் போட்டாலும் இதே கதைதான். அதனால் பின்பக்கம் தூக்கும்போது முன் சக்கரத்து ஹப்பைப் பூட்டி, ஃபோர் வீல் லோவில் போடு. முன் சக்கரத்துக்கு முன்னாலும் பின்னாலும் கல் வை. கட்டாயம் வை.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ நினைக்கலாம். இதை நான் பின் சக்கரத்துப் பிரேக் ட்ரம் சுத்தினதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

1998 ஆடி. உனக்கு ஏழு வயசு. சித்தப்பா காலில் பாறை உருண்டு விழுந்தது என்று உனக்குத் தெரியும். ஆயாவும் அப்படித்தான் நம்பிச் செத்துப்போனாள். அம்மாவுக்கும் அதுதான் தெரியும். பாறை எதுவும் உருளலை.

பீஞ்சமந்தை ஏற்றத்தில் பின் இடது டயர் பஞ்சர். வண்டி மலையைப் பார்த்து நிற்குது. ஆட்கள் பதினோரு பேர் இறங்கி நின்று, இருட்டிடும் இருட்டிடும் என்று நச்சரித்தார்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், கியரில் போட்டேன், ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். பட்டையில் சென்டர் போல்ட் முறிந்த மாதிரி இருந்தது. சித்தப்பாவை உள்ளே போய்ப் பார்க்கச் சொன்னேன். அவன், "ண்ணா, கல்லு வெக்கலியே" என்றான். சுத்திலும் கல்தான், மலை பூரா கல். நான், "ஒண்ணும் ஆவாது, நான் கீறேன், உள்ள பூந்து பாருடா" என்றேன்.

வண்டி பின்னால் நகர்ந்தது. கழற்றின பக்கம் ட்ரம் மட்டும் முன்னால் சுத்துச்சு. வண்டி பின்னால் போகுது, ட்ரம் முன்னால் சுத்துது. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்றேன், ஒரு மூச்சு இழுக்கிற நேரம். அந்த நேரத்தில் அவன் காலைப் பிடித்து இழுத்திருக்கலாம். ஜாக்கி சாய்ந்து, ட்ரம் அவன் இடது முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

பதினோரு பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். சக்கரத்தை மாட்டி, அவனைப் பின் சீட்டில் படுக்க வைத்து இறக்கினேன். அந்த வழி முழுக்க அவன் கத்தலை. அணைக்கட்டு தாண்டினதும், "ண்ணா, வீட்ல கல்லுன்னே சொல்லிடு, அம்மா உன்னத் திட்டும்" என்றான். வேலூர் ஆஸ்பத்திரியில் நான் அப்படியே சொன்னேன். பதினோரு பேரும் மலைக்காரர்கள், யாரும் நம்ம வீட்டில் வந்து பேசலை. ஐப்பசியில் அவனுக்குப் பேசி முடித்திருந்த பெண் வீட்டார் வேண்டாம் என்றார்கள். அதுக்கப்புறம் அவன் கல்யாணப் பேச்சையே எடுக்க விடலை. இருபத்தேழு வருஷம் பக்கத்து அறையில் படுத்துக்கிறான். ராத்திரி எழுந்து வெளியே போகும்போது அந்தக் கால் தரையில் இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். ஒரு நாளும் நான் அவனிடம் மன்னிச்சுக்கோடா என்று சொன்னதில்லை. அவனும் சொல்ல விட்டதில்லை.

உன்னை நான் கேள்வி கேட்கிறேன், ஏன் சொல்லவில்லை என்று. நான் சொல்லாமல் இருந்தது இவ்வளவு.

நேற்று அவனிடம் உன் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். ஒண்ணும் பேசாமல் சட்டையை மாட்டிக்கிட்டு லேத் பட்டறைக்குப் போய்விட்டான். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்து, கனமான பைப்பில் நாலு ஸ்டாண்டு வெல்டிங் பண்ணி வாங்கிக்கிட்டு வந்தான். அடியில் தட்டையாக இரும்புப் பிளேட், மேலே ஆக்ஸில் உட்கார வளைவு. நான் ஏறி நின்று பார்த்தேன், அசையலை. பஸ்ஸில் பார்சல் போடலாம் என்றேன். வேண்டாம், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்கிறான். வேலூரில் ஏறினால் நேராக ஓசூர், வழியில் இறங்கி ஏற வேண்டியதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து நிற்கணும். நாலு ஸ்டாண்டோடு அவனால் படி இறங்க முடியாது. தராசையும் கொடுத்தனுப்புகிறேன். அம்மா எள்ளுருண்டை பிடித்து வைத்திருக்கிறாள், பாப்பாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை போ, அவனுக்கு லீவு இருக்கும் என்று சொன்னேன். "செவ்வாக்கெழம போனாலும் வீட்லதான இருப்பான்" என்று சித்தப்பா சொன்னான். நான் பதில் சொல்லலை. எந்தக் கிழமை வரலாம் என்று நீயே அவனுக்குப் போன் பண்ணிச் சொல். அவனிடம் பேசினால் போதும், என்னிடம் பேசவேண்டும் என்று இல்லை.

அவன் வந்து சேருகிற வரைக்கும் வண்டிக்கு அடியில் போகாதே.

இப்படிக்கு,
அப்பா