நாயகிக்கு இன்சுலின் போடாதீர்கள்!

ஆசிரியர் அவர்களுக்கு,

நாள்பட்ட நோயுள்ள நாயகியை வைத்துக் காதல் நகைச்சுவை நாவல் எழுதுவோர் பலர் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். டைப் 1 நீரிழிவுள்ள நாயகி மயங்குகிறாள்; நாயகன் பதறி இன்சுலின் ஊசி போட்டுக் காப்பாற்றுகிறான். ஏறக்குறைய கொலை முயற்சி! ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே சரிந்து வந்த மயக்கத்தை, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் இன்னும் மோசமாக்கும். நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தும் ஆம்புலன்ஸும்தான் வழி.

நகைச்சுவைக்கா பஞ்சம்? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர் எரிச்சல் எல்லாமே தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். முதல் சந்திப்பில் அவன் அதைக் காதல் என்று நம்பிவிடலாம். முத்தத்தின் நடுவே அவள் உடலில் ஒட்டிய சர்க்கரை அளக்கும் சென்சாரின் அலாரம் அலறலாம்.

காதலால் நோய் குணமாகும் கடைசி அத்தியாயத்தை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்தவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் இன்சுலின் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்