புகைக்குழாய் மூடியைக் கழற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராமேசுவரம், தொண்டிப் பக்கம் எஞ்சின் படகு வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் சிலர், படகின் பின்பலகையில் எஞ்சின் புகைக்குழாய் வாயில் தொங்கும் மூடி 'டக் டக்' என்று அடிக்கிறது என்று அதையே கழற்றிவிடுகிறார்கள். சத்தம் நிற்கும், ஒருநாள் எஞ்சினும் நிற்கும். மூடி இல்லாமல் வேகத்தைச் சட்டென்று குறைத்தால் பின்னால் வரும் அலை குழாய்க்குள் ஏறும். சிலிண்டர்வரை தண்ணீர் போனால் பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

ஐட்லிங்கில், அதாவது எஞ்சின் சும்மா மெதுவாக ஓடும்போது, புகை விட்டுவிட்டு வரும். ஒவ்வொரு தடவையும் உலோக மூடி திறந்து அடிக்கும். கீல் பின் தேய்ந்திருந்தால் சத்தம் இரட்டிப்பு. உப்புத்தண்ணீரைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் பின் மாற்றினால் சத்தம் குறையும். குளிர்விக்கும் தண்ணீரைப் புகையோடு கலந்து வெளியே விடும் எஞ்சின் என்றால் ரப்பர் மூடியே மேல். மதுரை ரப்பர் கடைகளில் நடுவில் துணி வைத்த நியோபிரீன் (செயற்கை ரப்பர்) ஷீட் 3 மி.மீ. கனத்தில் கேளுங்கள். குழாய் வாயைவிடச் சுற்றிலும் 10 மி.மீ. கூடுதலாக வெட்டி, மேல்விளிம்பில் மட்டும் பட்டை வைத்து போல்ட் போடுங்கள். பழைய டயர் டியூப் வேண்டவே வேண்டாம். டீசல் பட்டு உப்பி, வாயில் ஒட்டாமல் சுருண்டு நிற்கும்.

புது ரப்பரும் சீக்கிரம் கருகி விறைத்தால் குற்றம் அதில் இல்லை. குளிர்விக்கும் தண்ணீர் போதவில்லை. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி, இதழ்கள் முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

– படகு எஞ்சின் பழுதுபார்ப்போர், மதுரை