நெட் பிளானை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் ஜவுளிக் கடை, பனியன் கம்பெனி, கிடங்கு என்று எங்கே கேட்டாலும் ‘நெட் ஸ்லோ’ என்ற புலம்பல்தான். 100 எம்பிபிஎஸ் போதவில்லை என்று 300க்கு மாறுகிறார்கள். மாதக் கட்டணம் ஏறுகிறது, பில் போடும் வேகம் ஏறுவதில்லை. கவுண்டரிலிருந்து உள்ளறை சர்வருக்கும் பிரிண்டருக்கும் போகும் தரவு வெளி இணையத்தைத் தொடுவதே இல்லை. தடங்கல் கடைக்குள் இருந்தால் எந்த பிளானும் அதைச் சரிசெய்யாது.

கோளாறு யார் பக்கம் என்பதை இரண்டு நிமிடத்தில் பிரித்துவிடலாம். கேபிள் செருகிய கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுங்கள். பதில் ஒன்றிரண்டு மில்லி விநாடிக்குள், இடையில் விடாமல் வர வேண்டும். இழுத்து இழுத்து வந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ கோளாறு உங்கள் கூரைக்குக் கீழேதான். அது சரியாக இருந்து, வெளி இணையத்தில் உள்ள கூகுள் சர்வரான 8.8.8.8க்குப் போகும் பிங் மட்டும் தடுமாறினால்தான் இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

உள்ளே வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் கேபிள்தான் என்பது எங்கள் கணிப்பு. விலை குறைவு என்று வாங்கும் பெட்டிகளில் பல, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி. கடைக்காரர்கள் சிசிஏ என்பார்கள். அதே கனத்தில் செம்புக் கம்பியைவிட அதன் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கேபிள் வழியாகவே மின்சாரமும் வாங்கும் கேமராவில் இது உடனே தெரியும்: பகலெல்லாம் நன்றாக ஓடும், இருட்டியதும் இன்ஃப்ராரெட் விளக்கு எரிந்து கூடுதல் மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் விழுந்து தானே அணைந்து அணைந்து எழும். கேமராவை மாற்றுவார்கள், பழையபடியே இருக்கும். வாங்கும்போதே கம்பி நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். நாலு முறை வளைத்தால் முறியும் கம்பி அது. சுவருக்குள் போன பிறகு தேட முடியாது.

அடுத்தது கிரிம்பிங், அதாவது கேபிள் முனையில் பிளக் பொருத்தும் வேலை. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி கம்பி போதும், ஒரு கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, நாலு ஜோடியும் வேண்டும். நீலமோ பழுப்போ ஒரு கம்பி பிடிக்காமல் விட்டால் இணைப்பு அறுந்துவிடுவதில்லை, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை. கணினியின் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீடு என்ற இடத்தில் 1000 இருக்கிறதா, 100 இருக்கிறதா என்று பாருங்கள். ஜோடியின் முறுக்கை முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. நிறங்களைத் தன் விருப்பத்துக்கு வரிசைப்படுத்திவிட்டு, இரு முனையும் ஒன்றாக இருந்தால் போதும் என்பார்கள் சிலர். சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும். ஆனால் ஜோடி கலைந்த கம்பியில் தரவு சிதறும். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு என்ற வரிசை அதற்காகத்தான்.

இன்னொரு நித்தியத் தலைவலி, வைஃபை எட்டவில்லை என்று சேர்க்கும் இரண்டாவது ரவுட்டர். அதுவும் தன் பங்குக்கு ஐபி முகவரி (ஒவ்வொரு கருவிக்குமான அடையாள எண்) வழங்க ஆரம்பிக்கும். எந்தக் கணினி யாரிடம் முகவரி வாங்கியதோ அதைப் பொறுத்து ஒன்றில் நெட் வரும், பக்கத்தில் உள்ளதில் வராது. காலையில் அச்சடித்த பிரிண்டர் மதியம் ஆஃப்லைன் என்று காட்டும். சரிசெய்வது எளிது. இரண்டாவது ரவுட்டருக்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்து, முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட்டு, முதன்மை ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் வேன் (WAN) துளையில் அல்ல, லேன் (LAN) துளையில் செருகுங்கள். முதன்மை ரவுட்டர், கடைசி எண் 100 முதல் 199 வரை உள்ள முகவரிகளை மட்டும் வழங்கட்டும். பிரிண்டருக்கு 10, 11, கேமராப் பதிவு ரெக்கார்டருக்கு 20 என்று நிலையான கடைசி எண் கொடுத்தால் அந்தத் தொல்லை விட்டது. கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அதற்கு யாருமே முகவரி தரவில்லை என்று பொருள். முதலில் கேபிளைப் பாருங்கள்.

கேமராக்களைப் பில்லிங் கணினிகளின் ஸ்விட்சிலேயே (பல கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) செருகாதீர்கள். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்று அமைத்தாலும் 16 கேமராவுக்கு 64 ஆகிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் முதல் பில் போடும் முன்பே பாதிக்கு மேல் போய்விட்டது. அவற்றுக்குத் தனி ஸ்விட்ச் போட்டு நேராக ரெக்கார்டருக்குக் கொண்டுபோங்கள். கணக்கு மென்பொருளின் தரவு இருக்கும் கணினிக்கு வைஃபை வேண்டவே வேண்டாம்.

செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஓடாது. எதிர்க் கட்டடத்துக் கிடங்குக்கு 60 மீட்டர்தான் என்றாலும் ஃபைபர்தான் சரி. கோடை இடிமழையிலும் ஐப்பசி மழையிலும் வெளியே தொங்கும் செம்புக் கேபிள் வழியாக இரு பக்க ஸ்விட்சும் ஒன்றாகக் கருகும். ஃபைபரோடு, அதைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் இரண்டு வாங்கும் செலவு, கருகியதை மாற்றும் செலவைவிடக் குறைவு.

மாவட்டத்து வணிகர் சங்கங்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் ‘கேட் 6 கேபிள்’ என்று வகையை மட்டும் எழுதியிருந்தால் ஏற்க வேண்டாம் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லுங்கள். ‘முழுச் செம்பு’ என்பதும் தயாரிப்பின் பெயரும் கொட்டேஷனிலும் பில்லிலும் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் எந்தக் கேபிள் எந்தத் துளைக்கு, எந்தக் கருவிக்கு எந்த முகவரி, ரவுட்டரின் கடவுச்சொல் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கணினி நெட்வொர்க் அமைப்பாளர்கள் சிலர்,
ஈரோடு.