பொழிப்புரையை அப்புறம் பார்த்துக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

பாட்டுக்குப் பொருள் தெரிகிறது, ஆனால் மனசில் ஒன்றும் ஒட்டவில்லை என்று எழுதியிருந்தாய். பொழிப்புரையைப் படித்துவிட்டுத்தான் பாட்டுக்குள் போகிறாய் என்று நினைக்கிறேன். அப்படிப் போனால் காட்சியும் ஓசையும் தொனியும் வெறும் அலங்காரமாகத்தான் படும். பாதிப் பொருள் அவற்றில்தான் இருக்கிறது, அம்மா.

குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டை எடு. மொத்தமே ஐந்து அடி. களவில், அதாவது ஊருக்குத் தெரியாத காதலில், கூடியவன் இன்னும் மணம் பேச வரவில்லை. தலைவி சொல்கிறாள்:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

உரை என்ன சொல்லும்? 'அன்று எங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஒரு குருகு மட்டும் இருந்தது.' சரிதான். ஆனால் அந்தக் குருகின் காலைப் பார். தினையின் தாள் போல மெலிந்து, பசுமையாக இருக்கிறது. வாழ்க்கையே ஊசலாடுகிற நேரத்தில் ஒருத்திக்கு ஒரு பறவையின் கால் நிறம் எதற்கு நினைவில் நிற்க வேண்டும்? மனம் கலங்கிய நேரத்தில் கண் இப்படித்தான் ஏதாவது ஒரு சின்ன விஷயத்தைப் பற்றிக்கொள்ளும். அந்த ஒற்றைக் காட்சி போதும், அவள் அந்த நாளைத் திரும்பத் திரும்ப நினைத்திருக்கிறாள் என்பது தெரிந்துவிடுகிறது. இருந்த ஒரே சாட்சியும் இவர்களைப் பார்க்கவில்லை, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்திருந்தாலும் அதற்குப் பேச வாய் ஏது? 'எனக்குச் சாட்சி இல்லை, பயமாக இருக்கிறது' என்று கபிலர் எழுதியிருந்தால் நாம் தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருப்போம்.

ஓசைக்குக் கம்பனிடம் போ. சூர்ப்பணகை அழகியாக உருமாறி இராமனை நோக்கி வருகிற பாட்டு, 'பஞ்சியொளிர் விஞ்சுகுளிர்' என்று தொடங்குமே, அதுதான். வாய்விட்டுப் படி, மனசுக்குள் படித்தால் பிரயோசனம் இல்லை. பஞ்சி, செஞ்செவிய, கஞ்சம், மஞ்ஞை என்று மெல்லின ஞகரமாகவே வந்து காதைத் தாலாட்டும். கடைசி அடி 'வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்'. கொடிக்கும் விஷத்துக்கும் ஒரே ஓசை. காது மயங்கிக் கிடக்கும்போதே நஞ்சு உள்ளே வந்துவிடுகிறது. அவள் எப்படி ஏமாற்ற வந்தாளோ, அதே வழியில் அந்தப் பாட்டும் நம்மிடம் வருகிறது. பாட்டின் ஓசை நடையை வண்ணம் என்பார்கள். வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம் என்று தொல்காப்பியம் வகைப்படுத்தும்; மொத்தம் 20 வண்ணம் சொல்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்யாதே, காதுக்குப் பழக்கம் வந்தால் போதும்.

தொனிதான் மூன்றிலும் கஷ்டம், ஏனென்றால் அதை விரல் வைத்துக் காட்ட முடியாது. புறநானூறு 112, பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்து, மலையும் பகை வேந்தர் கைக்குப் போன பிறகு அவன் மகளிர் இருவர் பாடிய பாட்டு: 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' அப்பாவும் இருந்தார், குன்றும் இருந்தது; 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்' இரண்டும் இல்லை. கண்ணீர் என்ற சொல்லே அதில் கிடையாது. இரண்டு பிள்ளைகள் கணக்குச் சொல்வது போலச் சொல்கிறார்கள். முதலில் அப்பாவைச் சொல்லிக் குன்றைச் சொன்னவர்கள், இரண்டாவது தடவை குன்றை முதலில் சொல்லிவிடுகிறார்கள். அப்பாவைச் சொல்ல முடியாமல் தள்ளிப்போடுவது போல எனக்குப் படும். 'வென்றெறி முரசின் வேந்தர்' என்று வெற்றி முழங்கிய பிறகு, 'எந்தையும் இலமே' என்று குரல் இறங்கி நின்றுவிடுகிறது. ஓவென்று அழுதிருந்தால் இவ்வளவு கனக்காது.

உரைநடைக்கும் இதெல்லாம் பொருந்தும், அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போதைக்குக் கபிலர் பாட்டையே நாலைந்து தடவை உரக்கப் படி. 'யானெவன் செய்கோ' என்பதைக் கோபமாக ஒரு தடவை, பயந்த குரலில் ஒரு தடவை, தோழியிடம் கெஞ்சுவது போல ஒரு தடவை. எனக்கு அது பயமாகத்தான் கேட்கிறது. அப்பாவுக்குக் கோபமாகக் கேட்கிறதாம். உனக்கு எப்படிக் கேட்கிறது என்று எழுது.

அன்புடன்,
அம்மா