முதல் பலகை எங்கிருந்து தொடங்க வேண்டும்? தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டல் மாகாணத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர்கள், செயலாளர்கள், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் முன்னோரின் முதல் கப்பல் வந்த நாளான நவம்பர் 16 நெருங்கினால் நம் மண்டபங்களில் கண்காட்சி ஏற்பாடாகிறது. 1860-இல் சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பல், ஒப்பந்தக் கூலிகளின் பெயர்ப்பட்டியல், கரும்புத் தோட்டப் படங்கள். இவையெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டியவை. ஆனால் முதல் பலகையே 1860 என்றிருந்தால், நம் முன்னோர் ஆளில்லாத மண்ணில் வந்து இறங்கியதாகத்தான் பிள்ளைகள் நினைப்பார்கள். அதற்கு முன்னால் இன்னொரு பலகை வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

டர்பனுக்கு வடக்கே, டொங்காட்டுக்குப் பக்கத்தில்தான் பாலிட்டோ என்ற கடற்கரை ஊர். அந்தக் கடற்கரையில் 1960-களில் ஒரு சிறுவனின் எலும்புகள் கிடைத்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன், தமிழகத்தில் சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலத்தை ஒட்டி வாழ்ந்த பிள்ளை அவன். அவனுடைய மரபணுத் தொகுதியை முழுமையாகப் படித்த ஆய்வு 2017-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. உப்சாலா, ஜோகன்னஸ்பர்க், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தார் சேர்ந்து செய்தது.

தலைமுறைதோறும் மரபணுவில் சிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே வரும். இரண்டு மக்கள் கூட்டங்களுக்கிடையே அந்த வேறுபாடுகளை எண்ணினால், அவர்கள் எப்போது பிரிந்தார்கள் என்று கணக்கிடலாம். அந்தச் சிறுவனுக்கு மரபில் நெருங்கியவர்கள், தென்னாப்பிரிக்காவின் பழங்குடிகளான கோய்சான் மக்கள். இன்று அவர்கள் எல்லோரிடமும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பின்னாளில் வந்த கால்நடை வளர்ப்போரின் கலப்பு கொஞ்சமாவது உண்டு. அந்தக் கலப்பு வேறுபாடுகளைக் குறைத்து, பிரிவைப் பிந்தியதாகக் காட்டும். பாலிட்டோ சிறுவனிடம் அது இல்லை. அதனால்தான் அவனை வைத்துப் போட்ட கணக்கு இன்னும் பழைய காலத்தைக் காட்டியது: 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன். இன்றைய மனிதரிடையே அறியப்பட்ட மிகப் பழைய கிளைப்பிரிவு அது. ஒரு பக்கம் அவன் முன்னோர். மறுபக்கத்தில் சூலுக்களும் சீனர்களும் தமிழர்களும் ஒன்றாக நிற்கிறோம்.

அதே ஆய்வில், 300 முதல் 500 ஆண்டுகளுக்கு முன் இந்த மாகாணத்தில் வாழ்ந்த நால்வரும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தலைமுறை தலைமுறையாகத் தெற்கே வந்த பாண்டு மொழி பேசும் உழவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள் என்று மரபணு சொல்கிறது. நமக்கு முன் இங்கே வந்து குடியேறியவர்களின் வரலாறும் அந்தப் பலகையில் வரட்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். “உலகின் மூத்த இனம் தமிழினம், டி.என்.ஏ. நிரூபித்துவிட்டது” என்று நம் மேடைகளில் பேசுவதை நிறுத்துங்கள். மதுரை வட்டாரத்தில் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் கண்ட எம்130 என்ற மரபணுக் குறியீடு அருமையான தடயம்தான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் அது உண்டு. ஆனால் அது தந்தைவழியில் மட்டும் வருவது. ஒருவருடைய ஆயிரக்கணக்கான முன்னோரில் ஒரே ஒரு கோட்டை அது காட்டும். ஓர் இனத்தின் வயதை அதைக் கொண்டு சொல்ல முடியாது. கோய்சான் மக்களில் வேட்டையாடி வாழ்ந்த பிரிவினரான சான் மக்கள் வாழ்ந்த நிலத்தில் நின்றுகொண்டு அப்படிப் பேசுவது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

பலகையில் எலும்புப் படம் வேண்டாம். ஆய்வாளர்கள் தங்களிடம் மரியாதையோடும் நேர்மையோடும் நடந்துகொள்ள வேண்டும் என்று 2017-இல் சான் தலைவர்கள் நெறிமுறை ஒன்றை வெளியிட்டார்கள். நாம் ஆய்வாளர்கள் இல்லை என்றாலும், அவர்கள் முன்னோரைப் பற்றி எழுதுமுன் அவர்கள் அமைப்புகளிடம் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை.

வாசகத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நானே எழுதித் தருகிறேன். சூலுவில் எழுதத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை நீங்கள் ஏற்பாடு செய்யுங்கள். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைத்து, முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

அன்புடன்,
டர்பனிலிருந்து ஒரு தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்