மூத்த தம்பதியர் ஊழியம்: பெட்டி கட்டும் முன் பேச வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணி ஓய்வுக்குப் பிறகு கணவனும் மனைவியுமாகத் திருச்சபை ஊழியத்துக்கு வெளிநாடு போகிறவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அது நியாயம்தான். ஆனால் போய் இறங்கிய மறுநாள் காலையிலிருந்து ஒன்றரை வருஷம் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது எழுத்தில் வருவதே இல்லை. பிரசங்கமும் வேதபாடமும்தான் வேலை என்று நினைத்துப் போகிறவர்கள் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். யாரையும் தடுப்பதற்காக இதை எழுதவில்லை. போகிறவர்கள் கடைசி நாள்வரை உடம்பும் மனமும் தளராமல் ஊழியம் செய்ய வேண்டும் என்ற அக்கறையில் எழுதுகிறோம்.

மார்மன் சபை என்று பலரும் அறிந்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் இந்த ஊழியத்துக்கு நல்ல ஒழுங்கு இருக்கிறது. 6, 12, 18 அல்லது 23 மாதம் என்று தம்பதியர் தங்கள் வசதிப்படி காலத்தைத் தெரிவிக்கலாம். சம்பளம் கிடையாது, வாடகை, சாப்பாடு எல்லாம் அவரவர் கைப்பணம். வெளிநாட்டில் வீட்டுச் செலவுக்குத் தம்பதியர் கொடுப்பது மாதம் 1,400 அமெரிக்க டாலரைத் தாண்டக் கூடாது என்று 2011-ல் சபை வரம்பு வைத்தது. 18 மாதத்துக்குக் குறைவாக வெளிநாடு போகலாம், ஆனால் போக்குவரத்துச் செலவு தம்பதியர் பொறுப்பு என்பதும் அப்போது வந்த விதிதான். இளம் ஊழியர்களுக்கு உள்ள கறாரான கால அட்டவணை மூத்தவர்களுக்கு இல்லை. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் வேலையையும் அவர்களிடம் எதிர்பார்ப்பதில்லை.

அப்படியானால் வேலை என்ன? அலுவலகக் கணக்கு, விசா புதுப்பிப்பு, வண்டிகளின் பராமரிப்பு, சிறிய கிளைச் சபைகளுக்குத் துணை, மனிதநேய உதவித் திட்டங்கள், ஆலயப் பணி, பழைய வம்சாவளிப் பதிவேடுகளைப் படமெடுப்பது. இவற்றோடு இளம் ஊழியர்கள் தங்கும் வீடுகளைப் போய்ப் பார்த்து வருவதும் பல இடங்களில் மூத்த தம்பதியின் தலையில்தான் விழுகிறது. கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். உயிரைக் காக்கிற வேலை அது.

வாயுவில் எரியும் வெந்நீர்க் கருவி குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால், முதலில் புகைபோக்கிக் குழாய் வெளிச்சுவரைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு காற்றுத் துவாரம். குளிர்காலத்தில் சில்லென்று காற்று வருகிறதே என்று அந்தத் துவாரத்தில் இளம் ஊழியர்கள் துணியைத் திணித்து வைத்திருப்பார்கள். துவாரம் அடைபட்டால் வாயு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை; தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி உயிரையே எடுத்துவிடும். துணியை உருவிப் போட்டுவிட்டு, காரணத்தையும் சொல்லிவிட்டு வர வேண்டும். புகையோ கார்பன் மோனாக்சைடோ சேர்ந்தால் கத்தும் எச்சரிக்கைக் கருவி இருந்தால் பொத்தானை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. கருவியைக் கழற்றிப் பின்பக்கம் அச்சிட்ட தேதியைப் படிக்க வேண்டும். புகை எச்சரிப்பானுக்கு ஆயுள் பொதுவாக 10 வருஷம். கார்பன் மோனாக்சைடு கருவி வகையைப் பொறுத்து 5 முதல் 10 வருஷம். காலாவதியான கருவியிலும் பொத்தானை அமுக்கினால் சத்தம் வரலாம். ஆனால் உள்ளே உணரும் பாகம் செத்திருக்கலாம். அடுப்புக் குழாயைக் கையால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும்.

அடுத்தது உடம்பு. அதிகம் தவறு நடப்பது இதில்தான்.

கொசு பரப்பும் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி கேட்கும் நாடுகள் பல. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுதும் செல்லும் என்பது 2016 ஜூலை முதல் சர்வதேச விதி. ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறையாகப் போடும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். ஆகவே பயண மருத்துவம் தெரிந்த மருத்துவரிடம் இரண்டு மூன்று மாதம் முன்பே பேசிவிட வேண்டும். ஊசி ஆகாது என்று அவர் சொன்னால் விலக்குச் சான்று தருவார். அதை அந்த நாடு ஏற்குமா என்று விசாரித்த பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.

மருந்துகளை மாத்திரைப் பெட்டியில் கலந்து போட்டுக்கொண்டு போகவே கூடாது. கடையில் வாங்கிய உறையோடு, மருத்துவர் சீட்டோடு போக வேண்டும். சீட்டில் வணிகப் பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் மூலப் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், மூலப் பெயர் பெரும்பாலும் மாறாது. ஒரு நாட்டில் சாதாரண இருமல், சளி மருந்தாக விற்பது இன்னொரு நாட்டில் தடைசெய்த பொருளாக இருக்கலாம். கோடீன் என்ற அபின் வகைப் பொருள் கலந்த மருந்துக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. மூக்கடைப்பைத் தீர்க்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. அங்கே உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. பிரிக்காத குப்பி 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்தது, பெரும்பாலான வகைகளில், சாதாரண அறை வெப்பத்தில் 28 நாள் தாங்கும். தங்கப்போகிற ஊரில் மின்சாரம் அடிக்கடி போகுமா என்பதை இதற்காகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. 110 வோல்ட் நாட்டுக் கருவியை 230 வோல்ட் நாட்டில் செருகினால் புகைந்துவிடும். தூக்கத்தில் மூச்சுத் தடைக்குப் போடும் சிபாப் கருவியின் அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் செருகி மட்டும் மாற்றினால் போதும். காதுக் கருவிக்கு ஈரக்காற்று பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் பொடி உள்ள டப்பாவில் வைத்து மூட வேண்டும். இதைச் செய்யாததால் இருவரில் ஒருவருக்குக் காது மந்தமாகி, புது மொழியும் புரியாமல், வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுவது உண்டு.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கிற ஊரில் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் மூன்று நிமிஷம். மேலே போகப் போகக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதிப்பதுதான் காரணம்.

பண விஷயத்தில் எல்லோரும் இடறும் கல் ஒன்றே. வங்கி அனுப்பும் ஓடிபி வீட்டில் விட்டுவந்த கைபேசி எண்ணுக்குப் போகும். அந்த எண்ணை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அல்லது புறப்படும் முன்பே வங்கியில் வேறு வழி கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை வெளிநாட்டிலிருந்து எப்படிக் கொடுப்பது, மருத்துவக் காப்பீடு எல்லை தாண்டினால் செல்லுமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர், மிகச் சில விலக்குகள் தவிர, நாட்டுக்கு வெளியே செல்லாது. வீடு, வரி, வங்கிக்குப் பிள்ளைகளில் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதே நிம்மதி.

விசாவில் சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான். கல்யாணச் சான்றில் மனைவியின் பெயர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் எல்லாம் நின்றுவிடும். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்றைக் கடைசியில் வாங்க வேண்டும். அது சில மாதங்களில் காலாவதி ஆகிவிடும்.

சபைத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்புக் கடிதத்தோடு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். வீடு எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, மருத்துவமனை எவ்வளவு தூரம், வண்டி யார் ஓட்டுவது, வாரத்தில் எந்த நாள் ஓய்வு என்று அதில் இருக்கட்டும். மூட்டுவலி உள்ள ஒருவருக்கு நாலாவது மாடி என்பது அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை.

தம்பதியருக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களும் பகல் முழுதும் ஒரே அறையில் ஒரே வேலை செய்து பழகியிருக்க மாட்டார்கள். கணக்கு ஒருவருக்கு, வீடுகள் பார்ப்பது ஒருவருக்கு என்று முதல் வாரமே பிரித்துக்கொள்ளுங்கள். சமையலையும் துணி துவைப்பதையும் அந்தப் பங்கீட்டில் சேர்த்துப் பேசுங்கள். பேசாமல் விட்டால் அவை மனைவியிடமே தங்கிவிடும், அவருடைய ஊழியம் சமையலறையிலேயே முடிந்துவிடும்.

மலேரியா உள்ள நாட்டில் இருந்தவர்கள் திரும்பிய பிறகும் தடுப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அடோவாகோன்-புரோகுவானில் என்றால் இன்னும் 7 நாள், டாக்சிசைக்ளின் என்றால் 4 வாரம். அதன் பிறகும், வந்த ஒரு வருஷத்துக்குள் காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, தங்கியிருந்த நாட்டின் பெயர்.

இப்படிக்கு,
மூத்த தம்பதியருக்கு ஊழிய ஆயத்த வகுப்பு நடத்துவோர்